காணாமல் போன ‘முடியாது’

அத்தியாயம் ஒன்பது

அரட்டை அந்த ஏணியின் பக்கத்தில்கூடப் போக மறுத்துவிட்டான்.

“ஏறச் சொல்லலடா. பிடிச்சு அந்தப் பக்கம் சாய்ச்சு வைன்னுதான் சொன்னேன்,” என்றாள் தூண்டில்.

“அது ஏற்கெனவே ஒருத்தரைச் சாய்ச்சிடுச்சு பாஸ். நமக்கும் அதுக்கும் எந்தப் பழக்கமும் வேணாம்.”

துப்பறிவாளரான அவளிடம் ஆறு வருடமாக உதவியாளனாக இருக்கிறான். தூண்டில் என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். எந்த வழக்கில் இறங்கினாலும் ஏதாவது ஒன்று மாட்டாமல் திரும்பமாட்டாள். அரட்டை என்பது அவனுக்கு அவள் வைத்த பெயர். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

பெயிண்டர் விழுந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். ஒன்பதாவது படியில் நின்று சுவரின் உச்சிக்குத் தூரிகையை நீட்டியிருக்கிறார். படியையும் ஏணியின் காலையும் சேர்த்துப் பிடித்திருந்த ரிவெட், விரல் நுனி அளவு ஆணி, பட்டென்று அறுந்தது. மனிதர் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி.

யார் தப்பு என்பதில் மர்மமே இல்லை. இந்த வழக்கில் அரட்டைக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். ரிவெட் கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது. அலங்காரப் பெட்டிகளுக்குப் போட வேண்டிய மெல்லிய ரிவெட்டை, ஏணிக்குப் போடும் கெட்டி ரிவெட் என்று லேபிள் ஒட்டி அனுப்பிவிட்டார்களாம். தப்பு எங்களுடையதுதான், மன்னிக்கவும் என்று ஏணிப் பட்டறைக்கு அழகாகக் கடிதம்கூட எழுதினார்கள். கூடவே இன்னொரு பத்தி: சரக்கில் குறை இருந்தால் வந்து சேர்ந்த ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. நீங்கள் சொன்னது இருபத்து மூன்றாம் நாள். ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை.

குற்றவாளி கையைத் தூக்கிக்கொண்டு கண்ணெதிரே நிற்கிறான். பிடிக்கத்தான் வழியில்லை.

ஏணி செய்து விற்ற அந்தப் பட்டறையின் மூலையில் ஒரு தொழிலாளி போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அந்த ரிவெட் போட்டு விற்ற ஏணிகள் நூற்று நாற்பது. பாதிக்கு மேல் இன்னும் வெளியில் யார் வீட்டுச் சுவரிலோ சாய்ந்திருக்கின்றன. “ஆமாங்க, அந்த ஏணிதான். ஏறாதீங்க. வந்து எடுத்துக்கறோம். தயவுசெஞ்சு ஏறாதீங்க,” என்று அவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் பட்டறைக்குச் சொந்தக்காரி. தொழிலாளிகள் ஏணியம்மா என்று கூப்பிடுவார்கள். கணவர் தொடங்கிய பட்டறை. அவர் போய் நாலு வருடமாகிறது. பெயிண்டரின் வைத்தியமும், நூற்று நாற்பது ஏணியைப் பிரித்துக் கட்டும் வேலையும் ரிவெட் கம்பெனி தலையில் விழுந்தால் பட்டறை பிழைக்கும். இவள் தலையில் விழுந்தால் அடுத்த மாதம் இந்தக் கதவில் வேறு யாருடைய பூட்டோ தொங்கும். நாளைக் காலை பதினோரு மணிக்கு வியாபாரிகள் சங்கத்து நடுவர் முன்னால் விசாரணை. அதைத் தாண்டி மேல்முறையீடு கிடையாது.

“வக்கீல் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. இவனுக்கும் புரியட்டும்,” என்றாள் தூண்டில்.

ஏணியம்மா பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். “நாம ஆர்டர் அனுப்பறோம். அவங்க சரின்னு பதில் அனுப்பறாங்க. அந்தச் சரியோட முதுகுல சின்ன எழுத்துல நிபந்தனை எல்லாம் சேத்து அனுப்பறாங்க. வாங்கறவங்க சாதாரண ஜனமா இருந்தா அது வேற. ஆனா நாமளும் வியாபாரி, அவங்களும் வியாபாரி. படிச்சிருக்கணுமாம். பிடிக்கலன்னா அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணுமாம். சொல்லாம சரக்கை எடுத்துக்கிட்டா, அந்த வரியெல்லாம் பேச்சோட பேச்சா சேந்துடுமாம்.”

“அநியாயமான வரியா இருந்தாக்கூடவா?” என்றான் அரட்டை.

“ரொம்ப அநியாயமா இருந்தா சேராதாம். ஆனா ஏழு நாள்ங்கறது அநியாயம் இல்லையாம். ஆணி, போல்ட், ரிவெட் விக்கற எல்லாருமே அப்படித்தான் அச்சடிக்கறாங்களாம்.”

“அப்ப நமக்குத் தேவை ஒரே ஒரு ‘முடியாது’. இந்தப் பட்டறைலேருந்து யாராவது, எப்பவாவது அவங்களுக்கு எழுதின ஒரு ‘முடியாது’,” என்றாள் தூண்டில்.

“கொலையாளியைத் தேடியிருக்கோம், காணாமப் போன கல்யாணப் பொண்ணைத் தேடியிருக்கோம். ஒரு வார்த்தையைத் தேடறது இதான் முதல் தடவை,” என்று அரட்டை முணுமுணுத்தான்.

ஏணியம்மா சிரிக்கவில்லை. “நான் அந்த வரியைப் பாத்ததே இல்லீங்க. எங்களுக்கு வந்த தாள்ல முதுகுப் பக்கம் வெறுமையாத்தான் இருந்திருக்கும். பெயிண்டர் விழுந்தப்புறம் இவங்களா புதுசா அச்சடிச்சு நடுவர்கிட்ட குடுத்திருக்காங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்லை. நான் அந்தக் கம்பெனிக்கு ஒரு தாள்லயும் கையெழுத்து போட்டதில்ல. அவர் போனப்புறம் பட்டறையை என் பேருக்கு மாத்தினப்ப போட்டதோட சரி.”

“வந்த தாள் எங்க?”

“தம்பிகிட்ட இருக்கும்.”

தம்பி என்பது அவளுடைய கொழுந்தனார். கணவரின் தம்பி, ஸ்டோர் ரூமுக்குப் பொறுப்பு, ஐம்பது வயதுக்காரர். முகத்தில் எப்போதும் தப்பு செய்துவிட்ட பள்ளிப் பையனின் களை. தொழிலாளிகள் அவருக்குப் பசை என்று பெயர் வைத்திருந்தது ஏன் என்று ஸ்டோர் ரூமுக்குள் காலை வைத்ததும் புரிந்தது. அலமாரியில் பதினோரு தடிப் புத்தகங்கள், வருடத்துக்கு ஒன்று. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு தாளும், பில், ரசீது, ஆர்டர் கடிதம் எல்லாம், தேதி வாரியாகப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன. ஓரம் மட்டுமில்லை. தாள் முழுக்கப் பசை தடவி, சுருக்கமில்லாமல், துணியால் நீவி ஒட்டியிருந்தார்.

“காத்து,” என்று விளக்கினார் அவர். “முன்னாடி எல்லாம் கம்பியில குத்தி வைப்போம். ஒருநாள் சுழட்டி அடிச்ச காத்துல அவ்வளவும் ரோட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டு தெரு ஓடிப் பொறுக்கினோம். அதுலேருந்து ஒட்டற பழக்கம். பதினோரு வருஷத்துல ஒரு தாள் தொலைஞ்சதில்லீங்க.”

“தொலையல சார். ஆனா திரும்பிப் படுக்கவும் விடல,” என்றான் அரட்டை. தாளை நகத்தால் நெம்பிப் பார்த்தான். சுவரோடு சுவராகிப்போன சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

தூண்டில் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ரிவெட் கம்பெனியின் கடைசிக் கடிதம் ஒட்டியிருந்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அதன் பின்னால் மேஜை விளக்கைக் கொண்டு வந்தாள். வெளிச்சம் தாளுக்குள் புகுந்தது. முன்பக்க எழுத்துகளின் நடுவே, தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் வரிகள் தெரிந்தன. அவள் விரல் ஏழாவது வரியில் நின்றது. வலமிருந்து இடமாகப் படித்தால் ‘ஏழு நாட்களுக்குள்’.

பிறகு முந்தைய மாதத்துக் கடிதம். அதற்கு முந்தைய மாதம். போன வருடம். அதற்கு முந்தைய வருடம். எல்லாவற்றின் முதுகிலும் அதே பதினான்கு வரி.

“அவங்க புதுசா எதையும் அச்சடிக்கலம்மா,” என்றாள் தூண்டில் மெதுவாக. “எப்பவும் இருந்திருக்கு. இங்க யாரும் பாக்க முடியாதபடி ஒட்டியாச்சு.”

ஏணியம்மா கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “இவ்வளவு நல்லா ஏன் தம்பி ஒட்டினீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் புத்தகத்தின் அட்டையை நீவினார். “அண்ணி... அண்ணன் ஒட்டறதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். முதல் புஸ்தகத்தை அண்ணன்தான் ஒட்டினாரு. அவரு பசையை மிச்சம் பிடிச்சாரு. எனக்கு அது பிடிக்கல. நம்ம பட்டறைக்குப் பசைக்குமா பஞ்சம்னு நான் நிறையவே போட்டேன்.”

தூண்டில் சட்டென்று நிமிர்ந்தாள். “மிச்சம் பிடிச்சாருன்னா?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் அலமாரிக்குப் போய்விட்டாள். பதினோரு புத்தகங்களின் முதுகையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். பத்து புத்தகங்கள் பலகைபோல இறுகிக் கிடந்தன. முதலாவது மட்டும் உப்பலாக, வாயைத் திறந்துகொண்டு நின்றது. இழுத்துப் புரட்டினாள். மற்றவை ‘டப், டப்’ என்று விழுந்தன என்றால் இது ‘சரசர’ என்றது.

“அரட்டை, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு பாஸ். இதுல தாள் உயிரோட இருக்கு.”

“ஓரத்துல மட்டும் ஒட்டியிருக்காரு. மிச்சம் பிடிக்கறதுக்கு இல்ல. இந்த மனுஷன் முதுகைப் படிக்கறவரு. திருப்பிப் பாக்கணும்னுதான் இப்படி ஒட்டியிருக்காரு.”

ரிவெட் கம்பெனியின் முதல் கடிதம் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. பதினோரு வருடத்துப் பழுப்பு. தூண்டில் அதைத் திருப்பினாள். ஏழாவது வரியின் கீழே சிவப்புப் பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு. பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில்: ‘முடியாது. முப்பது நாள் வேண்டும். கடிதம் போட்டாச்சு.’

ஏணியம்மா பென்சில் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள். “அவர் ‘டு’வை இப்படித்தான் சுழிப்பாரு,” என்றாள் யாரிடமும் இல்லாமல்.

அரட்டை மிச்சப் பக்கங்களைப் புரட்டினான். அந்தக் கடிதத்துக்கு வந்த பதில் அதில் ஒட்டியிருக்கவில்லை; மனிதர் அதைத் தனியாக எங்கோ வைத்திருக்க வேண்டும். வக்கீலுக்குப் போன் போட்டான். எதிர்முனையில் வக்கீல் துள்ளிக் குதிக்காத குறை. “போட்டாச்சுன்னு எழுதினா பத்தாது. அந்தக் கடிதம் வேணும். அவங்க அதுக்கு ஒத்துக்கிட்டு பதில் எழுதியிருந்தா ரொம்ப நல்லது. அதுலயும் ‘எல்லா ஆர்டருக்கும்’னு ஒரு வார்த்தை இருந்துட்டா நாளைக்கு நான் பேசவே வேணாம், தாளை நீட்டினாப் போதும். இருபத்து மூணு முப்பதுக்கு உள்ளதானே? ஓடுங்க. அவங்க ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடும்.”

நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஏணியம்மாவின் அதிகாரக் கடிதத்தோடு இருவரும் புறப்பட்டார்கள். வண்டியை அரட்டை ஓட்டிய விதத்தைப் பற்றிப் பிறகு தூண்டில் நிறையப் பேசினாள்.

ரிவெட் கம்பெனியின் ரிக்கார்டு ரூம் ஆபீஸின் பின்கோடியில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. இரும்பு ராக்குகளுக்கு நடுவே ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்த ஒரு கிளார்க் அம்மாள். இருபது வருடமாக அதே நாற்காலியாம்.

“ஏணிப் பட்டறையா?” என்றாள் அதிகாரக் கடிதத்தைப் பார்த்துவிட்டு. முகம் வாடியது. “அந்தப் பெயிண்டர் எப்படி இருக்காரு?”

“இன்னும் எந்திரிக்கல,” என்றாள் தூண்டில்.

“வாடிக்கையாளர் அவங்க ஃபைலைப் பாக்கலாம். அது எங்க விதி. எந்த வருஷம்?”

“பதினோரு வருஷம் பின்னாடி. உங்க மூளை மாதிரியே உங்க ராக்கும் கூர்மையா இருக்கும்னு கேள்விப்பட்டோம்,” என்று அரட்டை ஐஸ் வைத்தான்.

“எந்த ஐஸும் வேணாம், நகந்து நில்லுங்க. ஏணி எடுக்கணும்.”

ஏணி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் தானாகவே இரண்டடி பின்வாங்கினான். கிளார்க் அம்மாள் மூன்று படி ஏறி, உச்சி ராக்கிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தாள். தூண்டில் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள்.

ஆறாவது தாள் அந்தக் கடிதம். அதே சாய்ந்த கையெழுத்து. ‘உங்கள் ஏழாவது நிபந்தனை எங்களுக்கு ஒத்துவராது. ரிவெட் எங்கள் ஸ்டோரில் பத்து நாள் இருக்கும், ஏணியில் ஏறிய பிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். முப்பது நாள் தாருங்கள். இல்லையென்றால் சரக்கு வேண்டாம்.’ ஏழாவது தாள் கம்பெனியின் பதில். மேனேஜர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. ‘இந்த வாடிக்கையாளருக்கு மட்டும், எல்லா ஆர்டர்களுக்கும், ஏழு என்பதை முப்பது என்று கொள்க.’

“எல்லா ஆர்டர்களுக்கும்!” அரட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. “பாஸ், அந்த வார்த்தையே இருக்கு! வக்கீல் கேட்ட அதே வார்த்தை!”

“பொறு. இன்னும் ஃபைல்...”

அவன் பொறுக்கவில்லை. பொறுக்கிற ஆளாக இருந்தால் அவனுக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. தூண்டில் கை நீட்டுவதற்குள் ஏணியம்மாவின் நம்பரை அழுத்திவிட்டான். “அம்மா! கிடைச்சிடுச்சும்மா! ஐயா எழுதின கடிதமும் இருக்கு, அவங்க ஒத்துக்கிட்ட கடிதமும் இருக்கு. ஜெயிச்சாச்சு!”

எதிர்முனையில் நாற்காலி நகர்ந்தது. பிறகு ஏணியம்மா யாரையோ கூப்பிடுவது கேட்டது. “தம்பி, உங்க அண்ணன் காப்பாத்திட்டாரு!” அழுதுகொண்டே சிரித்தாள். “இருங்க, நான் பெயிண்டர் வீட்டம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். பாவம், ஆபரேஷனுக்கு என்ன செய்யறதுன்னு அவ மூணு நாளாத் தூங்கலை,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அரட்டை வாயெல்லாம் பல்லாகத் திரும்பினான். கிளார்க் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க போன் பண்ணியிருக்கக் கூடாது,” என்றாள்.

“ஏன்?”

“இது பழைய முதலாளியோட ஃபைல். புது முதலாளி ஃபைல் வேற.” கீழ் ராக்கிலிருந்து ஒரு மெல்லிய ஃபைலை எடுத்தாள். கொடுக்க மனமில்லாதவள்போல ஒரு நொடி அதை மார்போடு பிடித்திருந்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். “கேட்டா மறைக்கிற ஆள் நான் இல்ல. எடுத்துப் பாருங்க.”

உள்ளே முதல் தாள் ஒரு படிவம். தலைப்பு, பெயர் மாற்றம். பழைய உரிமையாளர் பெயர், அதன் குறுக்கே ஒரு கோடு, கீழே புதிய உரிமையாளர் பெயர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘பின்பக்கத்தில் உள்ளவற்றுக்குச் சம்மதிக்கிறேன்’. அதன்மேல் ஏணியம்மாவின் கையெழுத்து.

தூண்டில் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் மூன்றே வரி. முந்தைய உரிமையாளருடன் செய்துகொண்ட தனி ஏற்பாடுகள் எல்லாம் இத்துடன் முடிகின்றன. இனி எல்லா ஆர்டர்களுக்கும் கம்பெனியின் அச்சிட்ட நிபந்தனைகளே பொருந்தும். அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்.

“தேதியைப் பாரு,” என்றாள்.

அரட்டை பார்த்தான். ஏணியம்மாவின் கணவர் இறந்த நாள் பட்டறைச் சுவரில் அவர் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. காலையில் அதன் எதிரே உட்கார்ந்துதான் டீ குடித்தான். மனசுக்குள் கணக்குப் போட்டான். பதினோரு நாள்.

“எங்க விற்பனை மேனேஜர் துக்கம் கேக்கப் போனப்ப கையோட எடுத்துட்டுப் போனாரு. சரக்கு நிக்காம வரணும்னா பேரை மாத்தணுமேன்னு சொல்லித்தான். அவர் கெட்டவரும் இல்ல. எல்லாருக்கும் இதே படிவம்தான். அந்த முப்பது நாள் சமாச்சாரம் அவருக்கே தெரியாது. இந்த ஃபைலைத் திறந்து பாத்திருந்தாத்தானே,” என்றாள் கிளார்க் அம்மாள்.

அரட்டை குரலைத் தாழ்த்தினான். “மேடம்... பழைய ராக்கு. கரையான், எலி... ஒரு தாள் தொலைஞ்சு போறது உலகத்துல நடக்காததா?”

“இது நகல் தம்பி. ஒரிஜினலைப் போன வாரமே எங்க வக்கீல் வாங்கிட்டுப் போயிட்டாரு.”

ஆக எதிர்த்தரப்புக்கு எல்லாம் தெரியும். நாளை பதினோரு மணிக்கு இவர்கள் பதினோரு வருடத்துக் கடிதத்தை வெற்றியோடு நீட்டும்வரை அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு இந்த ஒற்றைத் தாளை எடுத்து வைத்திருப்பார்கள்.

வெளியே வந்து தூண்டில் தானே வக்கீலுக்குப் பேசினாள். அரட்டைக்குப் பக்கத்திலிருந்தே கேட்டது. வக்கீல் முதலில் கேட்டது ஒன்றுதான். “கையெழுத்து அவங்களுதுதானா?” “ஆமா.” “புருஷன் செத்துப் பதினோராம் நாள், படிக்கற நிலைமைல இல்லன்னு சொல்லிப் பாக்கலாம். நடுவர் இரக்கப்படுவாரு. ஆனா அதுக்கப்புறம் நாலு வருஷம், மாசா மாசம், அதே நிபந்தனையை முதுகுல சுமந்துக்கிட்டு கடிதம் வந்திருக்கு. ஒரு தடவைகூட ஏன்னு கேக்கல. சரக்கை எடுத்துக்கிட்டிருக்காங்க. இரக்கத்தை வச்சு நடுவர் தீர்ப்பு எழுத முடியாதும்மா.”

“வேற ஏதாவது?”

“உனக்குத் தெரிஞ்சா சொல்லு. எனக்குத் தெரியல.”

அரட்டை தூண்டிலின் முகத்தையே பார்த்தான். எப்போதும் இந்த இடத்தில்தான் அவள் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு ‘ஒண்ணு கவனிச்சியா?’ என்பாள். இப்போதும் அப்படிச் சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, “வண்டியை எடு,” என்றாள். திரும்பும்போது அவன் மிக மெதுவாக ஓட்டினான். போய்ச் சேராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பட்டறை வாசலில் தொழிலாளிகள் எல்லோரும் நின்றிருந்தார்கள். வண்டியைக் கண்டதும் யாரோ கை தட்டினார்கள். ஏணியம்மா முகம் கழுவி, தலை வாரி, வேறு புடவையில் இருந்தாள். “பெயிண்டர் வீட்டம்மா போன்ல ஓன்னு அழுதுட்டாங்க. உங்களைப் பாக்கணுமாம்,” என்று அரட்டையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அரட்டை வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. அந்தக் கைகளை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றான்.

“உள்ள வாங்கம்மா,” என்றாள் தூண்டில்.

ஸ்டோர் ரூம் மேஜைமேல் பத்தாவது புத்தகம் நனைந்து கிடந்தது. கொழுந்தனார் ஈரத்துணி போட்டு ஒவ்வொரு தாளாக உரித்து, துணி காயப்போடுவதுபோலக் கயிற்றில் மாட்டியிருந்தார். எல்லா முதுகும் இப்போது வெளியே தெரிந்தது. “இனிமே எதையும் மறைக்காதுங்க,” என்று பெருமையாகச் சொன்னார்.

தூண்டில் சுற்றி வளைக்கவில்லை. கிளார்க் அம்மாளிடம் நகல் வாங்கி வந்த கணவரின் கடிதத்தையும், கம்பெனியின் பதிலையும், கடைசியாகப் பெயர் மாற்றப் படிவத்தின் நகலையும் வரிசையாக வைத்தாள். வக்கீல் சொன்னதைச் சொன்னாள். ஏணியம்மா தன் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தாள். கொழுந்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணி, தப்பு என்னுதுதான். நான் ஒட்டாம இருந்திருந்தா மாசா மாசம் நீங்க பாத்திருப்பீங்க,” என்று குரல் உடைந்து சொன்னார்.

“இல்ல தம்பி. இந்தத் தாள் உங்க பசைக்கு வரவே இல்ல. என் கைலதானே இருந்துச்சு.” அவள் குரலில் கோபமில்லை. “திருப்பிப் பாத்திருக்கலாம். முன்பக்கத்துல அவர் பேருக்குக் குறுக்க ஒரு கோடு போட்டிருந்தாங்க. அதைப் பாக்க முடியல. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே போட்டேன்.”

வெளியே போனில் அந்தத் தொழிலாளி கரகரத்த குரலில் மறுபடி தொடங்கினார். “ஏறாதீங்க. தயவுசெஞ்சு ஏறாதீங்க.”

“நாளைக்கு வரணுமா?” என்று ஏணியம்மா கேட்டாள்.

“வரணும்மா. வராட்டியும் தீர்ப்பு வந்துடும். ஆனாலும் வரணும்,” என்றாள் தூண்டில். ஆறுதலாக இன்னும் ஏதோ சொல்ல முயன்று நிறுத்திக்கொண்டாள்.

“பெயிண்டர் வீட்டம்மாவுக்கு நானே பேசறேன்,” என்றான் அரட்டை. “நான்தான் அவசரப்பட்டேன்.”

“வேணாம்ப்பா. நான்தானே அவளுக்குச் சொன்னேன்.” ஏணியம்மா போனைக் கையில் எடுத்தாள். நம்பரை அழுத்தவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பழக்கதோஷம். கொழுந்தனார் படிவத்தின் நகலை எடுத்து, பதினோராவது புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திறந்து, பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தோய்த்துவிட்டார். தாளின் நடுவில் வைக்கப் போன கை நின்றது. என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தார்.

“ஓரத்துல மட்டும் ஒட்டுங்க தம்பி,” என்றாள் ஏணியம்மா. “உங்க அண்ணன் ஒட்டின மாதிரி.”

பிறகு கையிலிருந்த போனில் பெயிண்டர் வீட்டம்மாவின் நம்பரை அழுத்தினாள்.